கழுதை படுக்காத நிழல்

இன்று மத்தியானம் ஒருவர் ஐஸும் மீனும் வைக்கும் வெள்ளை ரெஜிபோம் பெட்டி ஒன்றைத் தூக்கிவந்து என் ஸ்கூட்டரில் கால் வைக்கும் இடத்தில் இறக்கினார். மூடியைச் சுற்றி மண்ணிற நாடா ஒட்டியிருந்தது. ஒரு மூலையால் ஐஸ் தண்ணீர் கசிந்து என் செருப்பில் சொட்டியது.

"பெருசா ஒண்டும் இல்லை மிஸ். கொஞ்சம் இறால், ரெண்டு நண்டு. மன்னாருக்கு வந்திட்டு வெறுங்கையோட போகக்கூடாதுதானே."

நான் மன்னாருக்கு வரவில்லை. மன்னாரில்தான் இருக்கிறேன். அது அவருக்கும் தெரியும். ஆனால் கழுத்தில் ஓர் அடையாள அட்டையும் கையில் ஓர் அளவுக் கருவியும் இருந்தால் நம் ஊரில் எவரும் கொழும்பிலிருந்து வந்தவர் ஆகிவிடுவார். கொழும்பிலிருந்து வந்தவருக்குப் பெட்டி கட்டியே ஆகவேண்டும். வந்தவர் எதற்கு வந்தார், என்ன எழுதிக்கொண்டு போகிறார் என்பதெல்லாம் பிறகு.

அந்த வாசம் மூக்கில் ஏறியதும் நீ வந்துவிட்டாய். செத்துப்போன சிநேகிதியை மல்லிகை வாசத்தில் நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு வாய்த்தது ஐஸில் வைத்த இறால். நீ கோபிக்க மாட்டாய். "பூவாவது நாலு நாள்ல வாடிப் போகும். இது நாலு நாள் ஆனா ஊருக்கே தெரியும்டி" என்றிருப்பாய். யாருக்குத் தெரியாவிட்டாலும் அது உனக்கு நன்றாகத் தெரியும்.

என் வேலையைப் பற்றிச் சொல்லவேண்டும். நீ இருக்கும்போது எனக்கு வேலை கிடைத்திருக்கவில்லை. கட்டடம் கட்டடமாகப் போய் மின்சாரம் எங்கே வீணாகிறது என்று பார்த்து அறிக்கை எழுதுகிறேன். இன்று போனது ஒரு கந்தோர், அரச அலுவலகம். பெரியவரின் அறையில் ஏசி பதினாறில் ஓடுகிறது. அவர் கோட்டுப் போட்டுக்கொண்டு கதிரையில் ஒடுங்கி இருக்கிறார். யன்னல் திறந்திருக்கிறது, ஏனென்றால் அவருக்குக் குளிருதாம். நான் அதைக் குறித்தபோது அவர் பின்பக்கத்து ஊழியர் விடுதியைக் கையால் காட்டினார். "அங்க தேத்தண்ணிக்குக் கேத்தில் போடுறாங்கள் மிஸ். அதை வடிவா எழுதுங்கோ." அதற்குப் பிறகுதான் பெட்டி வந்தது.

இப்போது கீரிக் கடற்கரையில் ஒரு வள்ளத்தின் நிழலில் இருந்து இதை எழுதுகிறேன். பெட்டி என்னிடம் இல்லை. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

தொழில்நுட்பக் கல்லூரியில் செயற்றிட்டத்துக்கு நம் இரண்டு பேரையும் ஒரு குழுவில் போட்டது திறமை பார்த்து அல்ல. எல்லோரும் ஆள் பிடித்து முடித்த பிறகு மிஞ்சியவர்கள் நாம். நான் வாய்க்காரி என்பதால் மிஞ்சினேன். நீ இந்தியாக்காரி என்பதால் மிஞ்சினாய். தமிழ்நாட்டு மண்டபம் அகதி முகாமில் பிறந்து, அங்கேயே வளர்ந்து, குடும்பத்தோடு திரும்பிவந்து முசலிப் பக்கம் ஒரு கரையோரக் கிராமத்தில் குடியேறியவள் நீ. அங்கே உன்னைச் சிலோன்காரி என்றார்களாம். இங்கே வாயைத் திறந்தாலே வகுப்பு சிரித்தது.

"ரெண்டு ஊர்லயும் என்னய விருந்தாளியாவே வச்சிருக்காய்ங்க. சோறுதான் போட மாட்டேங்கிறாய்ங்க" என்றாய் முதல் நாள்.

எனக்கு அந்த இடத்திலேயே உன்னைப் பிடித்துவிட்டது. நான் வெள்ளாங்குளத்து வயல்காரரின் மகள். கடலைப் பற்றி எனக்குத் தெரிந்தது அது உப்பாக இருக்கும் என்பது மட்டும்தான். இதை ஏன் சொல்கிறேன் என்பதும் கடைசியில் விளங்கும்.

அந்த வருடம் மின்கட்டணம் ஏறியது. நாட்டைக் கடனில் மூழ்கடித்து வங்குரோத்தாக்கியவர்கள் யாருக்கும் வியர்க்கவில்லை. வியர்த்தது நம் பெண்கள் விடுதிக்கு. இரவில் விளக்கணைக்கும்போதே மின்விசிறிகளின் மெயின் சுவிச்சையும் இறக்கிவிடுவார்கள். சுவிச் இருந்தது காப்பாளர் அன்ரியின் அறைக்குள். அன்ரியின் மின்விசிறி மட்டும் வேறு இணைப்பு. றோட்டுப் பக்க யன்னல்களை ஆணி அடித்து மூடியிருந்தார்கள், பெண்பிள்ளைகளின் பாதுகாப்புக்காம். பொடியன்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனார்கள். நமக்கு மாடிக்கும் தடை, அதுவும் பாதுகாப்புக்காம். பெற்சீற்றை நனைத்துப் போர்த்திக்கொண்டு படுத்தோம். கடிக்க வந்த நுளம்புக்கு அது நல்ல வசதியாக இருந்தது. காலையில் எழும்பினால் விடுதி முழுவதும் தும்மல்.

பிறகு ஒரு நாள் பட்டறையில் முதலாம் வருடப் பிள்ளை ஒருத்தி நின்றபடியே கண்ணயர்ந்து, ஈயம் உருக்கும் சூடான ஒட்டிரும்பை உள்ளங்கையால் பிடித்துவிட்டாள். நாம் எல்லோரும் சேர்ந்து கல்லூரிப் பணிப்பாளரிடம் போனோம். அவர் கதிரையைச் சுற்றி ஏசிப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "படுக்கேக்க ஃபோன் பாக்கிறதை விட்டா நித்திரை வரும் பிள்ளையள்" என்றார்.

அடுத்த வாரம் இறுதி வருடத்துச் செயற்றிட்டத் தலைப்புகள் வந்தன. நமக்கு அவரே தேர்ந்து தந்த தலைப்பு: விடுதி மாணவிகளின் மின்சார விரயத்தைக் குறைத்தல்.

நான் கத்தினேன். தலைப்பைக் கிழித்து அவர் மேசையில் போடுகிறேன் என்றேன். நீ பேனையை எடுத்து "விடுதி மாணவிகளின்" என்பதை வெட்டி "வளாகக் கட்டடங்களின்" என்று மேலே எழுதினாய்.

"அவர் கண்டுபிடிச்சா?" என்றேன்.

"வளாகம்னா அவருக்கு நம்ம விடுதிதான்டி. தன் ரூமு வளாகத்துல இருக்குன்னு அவருக்குத் தோணவே தோணாது."

தோணவேயில்லை. கையெழுத்துப் போட்டுத் தந்துவிட்டார்.

அன்றே நீ எனக்கு ஒரு விதி வைத்தாய். "நீ உலகத்தத் திருத்தப் பாக்காத. இந்த புரொஜெக்ட்டால ஒண்ணே ஒண்ணு நடந்தாப் போதும். ராத்திரி ஃபேன் சுத்தணும். அவ்வளவுதான்." நான் உலகத்தையும் சேர்த்துத் திருத்தலாம் என்றேன். "மொதல்ல ஃபேனு" என்றாய்.

நமக்குப் பொறுப்பான விரிவுரையாளரை நீதான் "நியமனம் சேர்" என்று பெயர் வைத்துக் கூப்பிட்டாய். என்ன கேட்டாலும் அவருடைய பதில் ஒன்றுதான். "எனக்கு நிரந்தர நியமனம் இன்னும் வரேல்லைப் பிள்ளையள், பாத்துச் செய்யுங்கோ." மீற்றர் வேண்டும் என்றாலும் அதுதான், மழை வருமா என்றாலும் அதுதான்.

அளவெடுக்க நிர்வாகக் கட்டடத்தின் மாடிக்கு ஏற அனுமதி கிடைத்தது. மேலே நின்று பார்த்தால் தென்கரை முழுக்கக் காற்றாலைகள். சோளகக் காற்று அடித்து அவ்வளவும் சுற்றிக்கொண்டிருந்தன. அதில் வரும் மின்சாரம் நம் தலைக்கு மேலால் தெற்கே போகிறது. அதற்குக் கீழே நாம் கொப்பி மட்டையால் விசிறிக்கொண்டு படிக்கிறோம். "காத்தும் எங்கட, வேர்வையும் எங்கட, கரண்ட் மட்டும் வேற ஆற்றையோ" என்று நான் பேசத் தொடங்கினேன். நல்ல பேச்சு அது. நீ நடுவில் மறித்து, "கீழ பாரு, கழுதை" என்றாய்.

நான் கோபத்தில் உன்னைத்தான் பார்த்தேன். நீ உண்மையாகவே கழுதைகளைக் காட்டிக்கொண்டிருந்தாய்.

கழுதைக்கு வருமுன் முகாம் முறையைச் சொல்லிவிடுகிறேன். மண்டபத்தில் யாராவது களவாக ஹீற்றர் போட்டால் அந்த வரிசை வீடுகள் முழுக்க இருண்டுவிடுமாம். உடனே பெரியவர்கள் எல்லா வீட்டிலும் எல்லாவற்றையும் அணைக்கச் சொல்லி, பிறகு ஒவ்வொரு வீடாகப் போடச் சொல்வார்களாம். "ஆனா யாரும் மீட்டரப் பாக்க மாட்டாங்க. மூஞ்சியத்தான் பாப்பாங்க. எவ மூஞ்சி மொதல்ல மாறுதோ அவ வீட்லதான் ஹீட்டரு." இந்த முறையை நாம் அறிக்கையில் "படிமுறைத் துண்டிப்பு ஆய்வு" என்று எழுதினோம். நியமனம் சேர் அந்தப் பெயரை மிகவும் பாராட்டினார்.

ஒரு சனிக்கிழமை பின்னேரம் நிர்வாகக் கட்டடத்தில் ஆள் இல்லாத நேரம் எல்லாவற்றையும் அணைத்தோம். விளக்கு, மின்விசிறி, ஏசி, தண்ணீர் மோட்டார், பணிப்பாளரின் அறையில் சும்மா எரியும் சாமிப் பட விளக்கு வரைக்கும். பிறகு மீற்றரின் முன்னால் போய் நின்றோம். அதன் சிவப்பு விளக்கு கண்ணடித்துக்கொண்டே இருந்தது. கட்டடம் செத்துக் கிடக்கிறது, எதுவோ மட்டும் மின்சாரம் தின்றுகொண்டிருக்கிறது.

"மீற்றர் பழுது" என்றார் நியமனம் சேர். வேறு மீற்றர் பூட்டினோம். அதுவும் கண்ணடித்தது. "அப்ப இதை எழுதாமல் விடுவம்" என்றார்.

அந்தக் கட்டடத்தில் நாம் பார்க்காத அறை ஒன்றே ஒன்று இருந்தது, பின்பக்கத்துக் கருவிக் களஞ்சியம். எப்போதும் பூட்டு. திறப்புக் கேட்டுப் பணிப்பாளரிடம் போனோம்.

"அங்க என்ன இருக்கு? பழைய தராசு, உடைஞ்ச மைக்குரோஸ்கோப். பாம்பும் இருக்கு. திறக்கேலாது."

வெளியே வந்ததும் என் காதுக்குள் சொன்னாய்: "மூஞ்சி மாறுச்சு பாத்தியா?"

இப்போது கழுதைக்கு வருகிறேன். நம் வளாகத்தில் மாணவர்களை விட ஒழுங்காக வருகிறவை அவைதான். வெயில் ஏற ஏற நிழல் தேடிப் படுக்கும். வாகைக்குக் கீழே நான்கு, பட்டறைச் சுவரோடு ஐந்து, நமது விறாந்தையில்கூட ஒன்று. ஆனால் களஞ்சியத்தின் பின்சுவரில் விழுவதுதான் வளாகத்திலேயே பெரிய நிழல். அகலமான, பார்வைக்குக் குளிர்ந்த, காற்றுப் படும் நிழல். அங்கே ஒரு கழுதையும் இல்லை.

"நிழல் இருக்கு. கழுதை இல்ல. ஏன்?" என்றாய், பெரிய விஞ்ஞானி போல இடுப்பில் கைவைத்துக்கொண்டு.

போய்ச் சுவரில் கை வைத்தேன். சுட்டது. வெயில் படாத சுவர் உள்ளேயிருந்து சுட்டது. கீழே ஒரு சின்னக் காற்றுத் துவாரம், அதன் வழியாக அடுப்படிக் காற்றுப் போல வெக்கை வந்துகொண்டிருந்தது. பாம்பு இருக்கும் அறை இப்படிச் சுடாது. உள்ளே ஏதோ இயந்திரம் ஓடுகிறது என்று நான் துள்ளினேன். நீ என்னைப் பெருமையோடு பார்த்தாய். அறிக்கையில் வரைபடம் நான்கு: மத்தியான வேளையில் கழுதைகள் படுக்கும் இடங்களும் சுவர் வெப்பநிலையும். "கழுதையைப் போட்டா என்ர நியமனம் என்னாகும்?" என்று சேர் தலையில் கைவைத்தார். "கழுதைக்கு நிரந்தர நியமனம் சார், அத யாரும் எடுக்க முடியாது" என்றாய். பாவம், அவரே சிரித்துவிட்டார்.

மடு மாதா கோயில் திருவிழாவுக்கு லீவு விடுகிற அன்று பின்னேரம் மின்பலகையில் களஞ்சியத்துக்குரிய பிரேக்கரைக் கண்டுபிடித்தோம். நீதான் இறக்கினாய். நான் மீற்றரடியில் நின்றேன். சிவப்பு விளக்கு நின்றுவிட்டது. நான் "நிண்டிட்டுதடி!" என்று கத்தினேன். நீ ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடித்தாய். வெளியே மடுவுக்குப் போகும் வான்காரர் ஹோனை அழுத்தியபடியே இருந்தார். பையைத் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

மடுவில் மரத்துக்குக் கீழே கூடாரமாகப் படங்கு கட்டி உன் வீட்டு ஆட்களோடு தங்கினோம். நான் சைவம் என்று உன் அம்மா எனக்குத் தனியாகக் கத்தரிக்காய் வைத்தார், நான் உங்கள் மீன்குழம்பைத்தான் தின்றேன். இரண்டாம் நாள் நீ முழங்காலில் நின்று செபமாலை உருட்டிக்கொண்டிருந்தபோது எனக்குச் சுளீரென்றது.

"அடியே, அந்த பிரேக்கரைத் திருப்பிப் போட்டனியே?"

நீ கண் திறக்கவில்லை. "நீ போடலயா?"

"நானோ? நீதானே பலகையடியில நிண்டனி!"

"மறந்துட்டேன்டி" என்றாய். ஒரு மணி உருட்டினாய். "விடு, பழைய தராசுதான கெடக்கு. தராசுக்கு என்ன ஆகப்போகுது."

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. ஏதோ இயந்திரம் கொஞ்ச நேரம் ஓயட்டும் என்று நானும் போய்க் கடலை வாங்கித் தின்றேன்.

லீவு முடிந்து வந்தபோது பஸ்ஸை விட்டு இறங்குமுன்பே தெரிந்துவிட்டது. அதை நாற்றம் என்று எழுதினால் போதாது. அது ஆளைப் பிடித்துத் தள்ளியது. மன்னாரின் பூனைகள் எல்லாம் களஞ்சிய வாசலில் கூட்டம் கூடியிருந்தன. கூரையில் காகங்கள் வரிசை. காவலாளி அண்ணை துவாயால் முகத்தைக் கட்டிக்கொண்டு கேற்றுக்கு வெளியே கதிரை போட்டிருந்தார். "உள்ள ஒரு ஆளையெண்டாலும் கொண்டுபோட்டிருக்கோணும் தங்கச்சி. நான் பொலிசுக்கு அடிச்சிட்டன்" என்றார்.

பொலிசும் வந்துவிட்டதால் பணிப்பாளர் திறக்கவேண்டியதாயிற்று. லேஞ்சியை மூக்கில் வைத்தபடி அவர் கதவைத் தள்ளினார். உள்ளே தராசும் இல்லை, பாம்பும் இல்லை. சுவரோடு சுவராக மூன்று பெரிய ஃப்ரீசர்கள். வழிந்த தண்ணீரில் ரெஜிபோம் பெட்டிகள் மிதந்தன. அறுக்குளா மீன், இறால், நண்டு, கணவாய். கொழும்பிலிருந்து யார் வந்தாலும் போகும்போது வாகனத்தில் ஏற்றத் தயாராகக் கட்டிவைத்த பெட்டிகள். ஆகப் பெரிய பெட்டியின் மேல் மார்க்கரால் "கணக்காய்வு" என்று எழுதியிருந்தது.

பணிப்பாளர் தொண்டையைச் செருமினார். "இது வந்து, உணவுத் தொழில்நுட்பப் பிரிவின்ர ஆய்வு மாதிரிகள்."

விடுதிப் பிள்ளைகள் அவ்வளவு பேரும் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்னால் நிற்க, நீ உன் மெல்லிய குரலில் கேட்டாய்: "சார், நம்ம காலேஜ்ல உணவுத் தொழில்நுட்பப் பிரிவே இல்லயே?"

பொலிஸ்காரர்தான் முதலில் சிரித்தார்.

இறுதி முன்வைப்புக்குக் கொழும்பிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். நன்றாகத் தமிழ் தெரிந்தவர். ஃப்ரீசர் என்ற சொல் வாயில் வரக்கூடாது, வந்தால் புள்ளி இல்லை என்று நியமனம் சேர் மூலம் செய்தி வந்திருந்தது. நான் பேசினால் அந்தச் சொல் முதல் வாக்கியத்திலேயே வரும் என்று தெரிந்து நீ என்னைப் படம் மாற்றும் வேலையில் வைத்தாய். நீதான் பேசினாய். கட்டடங்கள், கழுதைகள், சுவர் எல்லாம் சொன்னாய். "பெயர் குறிப்பிடப்படாத ஒரு சுமை, இருபத்திநாலு மணி நேரமும்" என்றாய். அதை எடுத்துவிட்டால் பெண்கள் விடுதியின் எல்லா மின்விசிறிகளும் விடியும்வரை சுற்றலாம், அதற்குப் பிறகும் மிச்சம் வரும் என்று காட்டினாய். உள்ளங்கை சுட்ட பிள்ளையைப் பற்றியும் சொன்னாய், குரல் ஏறாமல்.

அதிகாரி முன்னால் சாய்ந்தார். "நல்ல ஆய்வு. ஆனா அந்தச் சுமை என்ன எண்டு சொல்லேல்லையே?"

பணிப்பாளர் கூரையைப் பார்த்தார்.

"சார், அது உங்க வீட்டு ஃப்ரிஜ்லயும் இருக்கலாம் சார்" என்றாய்.

அவருக்கு விளங்க ஒரு விநாடி எடுத்தது. பிறகு முகம் மாறியது. முகாம் முறை கொழும்பிலும் வேலை செய்கிறது. அவர் தண்ணீர் குடித்தார், பணிப்பாளரைப் பார்த்தார், "அப்ப விடுதிக்கு ஃபானைக் குடுக்கிறதில என்ன பிரச்சினை?" என்றார். ஒரு பிரச்சினையும் இல்லை என்று பணிப்பாளர் உடனே கண்டுபிடித்தார்.

அன்று மாலை அதிகாரியின் வாகனத்தில் ஒரு பெட்டி ஏறியது. அன்று விடியப் பிடித்த மீனாம். நான் பல்லைக் கடித்தேன். எல்லாம் இப்படியேதான் போகும், ஒன்றையும் நாம் மாற்றவில்லை என்றேன். "அன்னைக்குப் புடிச்சத அன்னைக்கே குடுத்துட்டாங்கள்ல? ஃப்ரீசர் கரண்டு மிச்சம்டி" என்றாய். அன்றிரவு மின்விசிறிகள் சுற்றின. துருப்பிடித்த இறக்கைகள் கடகடவென்று சத்தம் போட்டன. அந்தச் சத்தத்தில் யாருக்கும் நித்திரை வரவில்லை. நாம் படுத்துக்கிடந்து சிரித்தோம்.

இனி எழுத விருப்பமில்லாத இடம். போன மாசி மாதம் வேலை முடிந்து நீ ஸ்கூட்டரில் வீட்டுக்குப் போனாய். பொழுதுபட்டுவிட்டது. வீதியோரம் பழுதாகி நின்ற ரிப்பர் லொறிக்குப் பின்விளக்கு இல்லை. வீதி விளக்குக் கம்பங்கள் நேர்த்தியாக வரிசையில் நின்றன, ஒன்றும் எரியவில்லை. மின்சாரச் சிக்கனமாம். யாரோ ஒருவர் எங்கோ ஒரு குளிர்ந்த அறையில் இருந்து எடுத்த முடிவு. நான் அடுத்த நாள் அந்த இடத்துக்குப் போய் இருட்டும்வரை நின்றேன். தூரத்தில் காற்றாலைகளின் உச்சி விளக்குகள் மட்டும் ஒன்று தவறாமல் எரிந்தன. இந்த நாட்டில் சிக்கனம் என்றால் எப்போதும் கீழேயிருந்துதான் தொடங்குகிறார்கள். நீ என்னை உலகத்தைத் திருத்தப் பார்க்காதே என்றாய். நான் இன்னும் பார்க்கிறேன், மன்னித்துக்கொள்.

முப்பத்தோராம் நாள் பூசைக்கு உன் வீட்டுக்குப் போனேன். சாப்பாட்டுக்குப் பிறகு உன் அண்ணன் எனக்குப் பக்கத்தில் வந்து இருந்தார். ஏதாவது பேசவேண்டுமே என்று நான் நமது செயற்றிட்டக் கதையைச் சொன்னேன், சுட்ட சுவர், கழுதை எல்லாம். அவர் வெற்றிலையை மெல்வதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"அவ உங்கிட்ட சொல்லவே இல்லயா? அந்தக் களஞ்சியத்துக்கு மீன் போட்டதே நாந்தானம்மா. வாரா வாரம் பின்வாசல்ல எறக்குவேன்."

நான் அவர் பக்கம் முழுதாகத் திரும்பி இருந்தேன்.

"அவளுக்கு எல்லாந் தெரியும். பொட்டி எத்தன, எம்புட்டுப் புடிக்கும்னு நச்சரிப்பா. அந்தத் திருவிழா வாரம் மட்டும், 'அண்ணே, இந்த வாரம் நல்ல மீனப் போட்டுறாத. விக்காத பழசு இருந்தா அதப் போடு. நல்ல மீனு வீணாப் போகும்'னா. ஏன்டின்னேன். 'ஒண்ணுமில்ல, சும்மா'ன்னுட்டா."

அப்படியென்றால் கழுதை? இடுப்பில் கைவைத்து நின்ற விஞ்ஞானி? நான் சுவரில் கைவைத்துத் துள்ளியபோது நீ பார்த்த அந்தப் பெருமைப் பார்வை? களஞ்சியத்தில் என்ன இருக்கிறது என்று முதல் நாளே உனக்குத் தெரியும். சொன்னால் அண்ணனின் பெயர் வரும், அவரைப் பொலிஸ் வரை இழுப்பார்கள். அதனால் கழுதையைச் சாட்சிக்குக் கூப்பிட்டாய். கழுதையை யாரும் விசாரிக்க முடியாது. கூட ஒரு வாய்க்காரியும் வேண்டியிருந்தது, கடலும் மீனும் தெரியாத, பொய் சொல்லத் தெரியாத ஒருத்தி, கண்டுபிடித்தது தானேதான் என்று ஊர் முழுக்கக் கத்துவதற்கு. மிஞ்சியவர்களில் நான் அகப்பட்டேன். செபமாலை உருட்டிக்கொண்டே, மாதாவின் வாசலில், கண்ணை மூடிக்கொண்டு சொன்னாயே, "மறந்துட்டேன்டி."

நான் அந்த இடத்தில் சிரிக்கத் தொடங்கிவிட்டேன். முப்பத்தோராம் நாள் வீட்டில், எல்லோரும் பார்க்க. பிறகு உன் அண்ணனும் சிரித்தார். உள்ளேயிருந்து உன் அம்மா எட்டிப் பார்த்தார்.

இப்போது பெட்டியைச் சொல்கிறேன். அந்தக் கந்தோரில் ஸ்கூட்டரை எடுக்குமுன் ஹெல்மெற் போடவேண்டியிருந்தது. அதற்காகப் பெட்டியைத் தூக்கிக் கேற்றுக்குப் பக்கத்து மதிலில், நல்ல வெயில் படும் இடமாகப் பார்த்து வைத்தேன். ஹெல்மெற்றைப் போட்டேன். புறப்பட்டு வந்துவிட்டேன். இங்கே வந்து உனக்கு எழுத முன்பே அறிக்கையை எழுதி அனுப்பினேன். கோட்டு, பதினாறு, திறந்த யன்னல் எல்லாம் அதில் இருக்கிறது. கேத்தில் இல்லை.

சற்று முன் ஃபோன் அடித்தது. பெட்டி தந்தவர்தான்.

"மிஸ், நீங்கள் பெட்டியை மதில்ல விட்டிட்டுப் போட்டீங்கள். பூனையள் எல்லாம் வந்திட்டுது. மணக்கவும் தொடங்கிட்டுது. பெரியவர் ஏசுறார். என்ன மிஸ் இது?"

நான் கண்ணை மூடிக்கொண்டேன். செபமாலை இல்லை, கையில் கிடைத்த சிப்பி ஒன்றை உருட்டினேன். பிறகு உன் குரலில், உன் ஊர்த் தமிழில், அவருக்குச் சொன்னேன்:

"மறந்துட்டேங்க."